டம்ளர் அதேதான், டிகாக்‌ஷன்தான் குறைந்தது: ஊரடங்கு காலத்து வீடியோ தரமும் சந்தா கட்டியவர் நியாயமும்

2020 ஏப்ரல் முதல் வாரம். ஊரடங்கு தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவும் சத்தமும் அடங்கிய பிறகு நானும் அண்ணனும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஒரு துப்பறியும் தொடர். நாயகன் கையில் டார்ச்சோடு இருட்டான கிடங்குக்குள் நுழைகிறான். டார்ச் வெளிச்சம் சுவரில் வட்டமாக விழுந்து, ஓரத்தில் மெல்ல மெல்ல இருட்டோடு கரைய வேண்டும். கரையவில்லை. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் வளையங்கள் மாதிரி பட்டை பட்டையாக நின்றது. கிடங்கின் மூலையில் இருட்டு கட்டம் கட்டமாக நெளிந்துகொண்டிருந்தது. அண்ணன் எழுந்து போய் ரவுட்டரை அணைத்துப் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை.

நாங்கள் பார்த்த ஸ்ட்ரீமிங் தளத்தின் பட்டியலில் அந்தத் தொடரின் பெயருக்குக் கீழே 4கே என்று தெளிவாகப் போட்டிருந்தது. நாங்கள் கட்டியதும் அந்தத் தளத்தின் ஆக உயர்ந்த சந்தா. மறுநாள் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், "உங்க நெட் ஸ்பீடை ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க சார்" என்றார் எதிர்முனையில் இருந்த பையன். செக் பண்ணியாகிவிட்டது, வேகத்தில் குறையில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், "தரத்தை நாங்கள்தான் குறைத்திருக்கிறோம், காரணம் இது, இத்தனை நாளைக்கு" என்று ஒரு வரி எங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

அன்று குறைந்தது எது, அதை ஏன் குறைத்தார்கள், பணம் கட்டியவருக்கு அதில் என்ன பாத்தியதை இருந்தது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். தொழில்நுட்பம் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தரவு?

டிவியில் தெரியும் படம் புள்ளி வைத்துப் போட்ட கோலம் மாதிரி. அந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்சல். எஸ்.டி. என்று சொல்லப்படும் 480பி படத்தில் அகலவாக்கில் 854, உயரவாக்கில் 480, மொத்தம் சுமார் 4 லட்சம் புள்ளிகள். முழு எச்.டி.யில் 1920 பெருக்கல் 1080, சுமார் 20.7 லட்சம். 4கேயில் அதற்கும் நான்கு மடங்கு, ஏறத்தாழ 83 லட்சம். இந்தப் புள்ளிக் கணக்குதான் ரெசல்யூஷன். சந்தாத் திட்டங்களில் பெரிய எழுத்தில் போட்டு விற்பதும் இதைத்தான்.

ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் (தரவின் ஆகச் சிறிய அலகு) தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. முழு எச்.டி.க்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 120 கோடி பிட் வருகிறது. அதே எச்.டி.யைப் பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் அந்தக் காலத்தில் பரிந்துரைத்த இணைய வேகம் நொடிக்கு 5 மெகாபிட், அதாவது 50 லட்சம் பிட். 120 கோடி எங்கே, 50 லட்சம் எங்கே! 240 பங்கில் ஒரு பங்குதான் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மிச்சமெல்லாம் வழியிலேயே, இன்னும் சரியாகச் சொன்னால் புறப்படுவதற்கு முன்பே, சுருக்கப்பட்டுவிடுகிறது.

எப்படிச் சுருக்குகிறார்கள்? செய்தி வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அரை மணி நேரம் அசைவதில்லை. அசைவது உதடும் கண்ணும்தான். அதனால் முழுப் படத்தையும் ஒரு முறை அனுப்பிவிட்டு, அதன் பிறகு மாறிய இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் மழைக் காட்சி, புகை, அலை, திருவிழாக் கூட்டம் என்று வந்தால் இந்த வித்தை கைகொடுக்காது, ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது தரவு நிறைய வேண்டும். அது கிடைக்காவிட்டால், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது என்று நினைக்கும் இடத்தில் மென்பொருள் கை வைக்கும். பெரும்பாலும் முதலில் அடிபடுவது இருட்டும், ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் மெல்லக் கலக்கும் இடங்களும்தான். எங்கள் வீட்டுச் சுவரில் வெங்காய வளையம் விழுந்தது இப்படித்தான்.

ஒரு நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவுக்கு பிட்ரேட் என்று பெயர். ரெசல்யூஷனும் பிட்ரேட்டும் வேறு வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கட்டுரை சுலபம். காபிக் கடையை நினைத்துப் பாருங்கள். ரெசல்யூஷன் என்பது டம்ளர், பிட்ரேட் என்பது அதில் விழும் டிகாக்‌ஷன். பெரிய டம்ளரில் டிகாக்‌ஷனைக் குறைத்துப் பாலை ஊற்றி நிரப்பித் தரலாம். டம்ளரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாயில் வைத்தால்தான் தெரியும். எல்லோருக்கும் அதுவும் தெரியாது, நாக்குப் பழகியவருக்குத் தெரியும். அதேபோல, தரவு குறைவாக விட்ட 4கே படத்தைவிடத் தரவு தாராளமாக விட்ட எச்.டி. படம் கண்ணுக்கு நன்றாக இருப்பதும் உண்டு.

ஏணியும் மேல்படியும்

இன்னும் ஒரே ஒரு விஷயம். ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒரு படத்தை ஒரே கோப்பாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு ரெசல்யூஷனிலும் பல பிட்ரேட்டுகளில் தயாரித்து, சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கும். உங்கள் டிவியோ கைப்பேசியோ ஒவ்வொரு துண்டையும் கேட்கும்போது, "இப்போது இணைய வேகம் எப்படி இருக்கிறது" என்று பார்த்து அதற்கேற்ற பிரதியை வாங்கிக்கொள்ளும். வேகம் இருந்தால் ஏணியில் ஒரு படி மேலே ஏறும், இல்லாவிட்டால் ஒரு படி கீழே இறங்கும். படம் ஆரம்பிக்கும்போது மங்கலாக இருந்து சில நொடியில் தெளிவாவது இதனால்தான்.

நீங்களே இதைப் பார்க்கலாம். கணினியில் யூடியூப் ஓடும்போது படத்தின் மேல் மவுஸை வைத்து அதன் வலது பொத்தானை அழுத்தினால் 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் எந்த ரெசல்யூஷனில் ஓடுகிறது, எவ்வளவு தரவு வருகிறது என்று எண்களாகவே காட்டும். நெட்ஃப்ளிக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றோடு டி எழுத்தை அழுத்தினால் அதேபோன்ற பெட்டி வரும். அடுத்த முறை மழைக் காட்சி வரும்போது அந்த எண்ணைக் கவனியுங்கள்.

2020 மார்ச்சில் நடந்தது

மார்ச் மாதம் ஐரோப்பா ஒவ்வொரு நாடாக வீட்டுக்குள் அடைந்தது. அலுவலகம், பள்ளிக்கூடம், பொழுதுபோக்கு மூன்றும் ஒரே வீட்டு இணைப்பில் வந்து விழுந்தன. பல இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் தரவை மாற்றிக்கொள்ளும் பெரிய சந்திப்பு மையம் ஒன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது, பெயர் டிஇ-சிக்ஸ். மார்ச் 10 வாக்கில் அங்கே நொடிக்கு 9.1 டெராபிட், அதாவது 9.1 லட்சம் கோடி பிட் என்ற புதிய உச்சம் பதிவானது. உலக இணையத்தில் பயனர்களை நோக்கி வரும் தரவில் பாதிக்கும் மேல் அப்போதே வீடியோதான்.

மார்ச் 18 அன்று ஐரோப்பிய ஆணையத்தின் உள்சந்தை ஆணையர் தியரி பிரட்டன், நெட்ஃப்ளிக்ஸ் தலைமைச் செயல் அலுவலர் ரீட் ஹேஸ்டிங்ஸுடன் பேசினார். எச்.டி. அவசியமில்லாத நேரத்தில் சாதாரணத் தரத்துக்கு மாறுங்கள் என்று பொதுமக்களிடமும் கேட்டுக்கொண்டார். மறுநாளே நெட்ஃப்ளிக்ஸ், ஐரோப்பா முழுவதும் 30 நாளைக்கு பிட்ரேட்டைக் குறைப்பதாகவும் அதனால் தன் போக்குவரத்து சுமார் 25 சதவீதம் குறையும் என்றும் அறிவித்தது. மார்ச் 20 அன்று யூடியூப் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லா வீடியோக்களையும் முதலில் எஸ்.டி.யில் திறக்கும்படி மாற்றியது, சில நாளில் உலகம் முழுவதற்கும் அதை விரித்தது. அமேசான் பிரைம் வீடியோவும் சேர்ந்துகொண்டது. டிஸ்னி பிளஸ் மார்ச் 24 அன்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் முதன்முதலாகத் தொடங்கும்போதே, குறைந்தது 25 சதவீதம் குறைத்த தரவோடுதான் தொடங்கியது. பிரான்சில் அரசு கேட்டுக்கொண்டதால் தொடக்கத்தையே ஏப்ரல் 7க்குத் தள்ளி வைத்தது.

இந்தியாவில் 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தது மார்ச் 24 இரவு. அதே நாளில் ஸ்டார் மற்றும் டிஸ்னி இந்தியாவின் தலைவர் உதய் சங்கர் கூட்டிய கலந்தாலோசனையின் முடிவும் வெளிவந்தது. சோனி, கூகுள், ஃபேஸ்புக், வயாகாம்18, அமேசான் பிரைம் வீடியோ, ஜீ, நெட்ஃப்ளிக்ஸ், ஹாட்ஸ்டார், எம்எக்ஸ் பிளேயர், டிக்டாக் என்று ஏறத்தாழ எல்லோரும் அதில் இருந்தார்கள். கைப்பேசி வலையமைப்பில் ஏப்ரல் 14 வரை 480பிக்கு மேல் வீடியோ கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. நெட்ஃப்ளிக்ஸ் அதோடு, ஐரோப்பாவில் செய்த 25 சதவீதக் குறைப்பை இங்கேயும் 30 நாளைக்குச் செய்வதாகச் சொன்னது. யூடியூபின் கைப்பேசிச் செயலியில் 480பி பூட்டு ஏப்ரல் 14ஐத் தாண்டியும் நீடித்தது பலருக்கு நினைவிருக்கும்.

நெட்ஃப்ளிக்ஸ் எப்படிக் குறைத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தரவு விநியோகப் பொறுப்பாளர் கென் ஃபுளோரன்ஸ் அதை வெளிப்படையாகவே எழுதினார். ஒவ்வொரு ரெசல்யூஷனிலும் இருக்கும் பல பிரதிகளில், அதிகத் தரவு கேட்கும் பிரதிகளை மட்டும் எடுத்துவிட்டோம் என்றார். நம் ஏணிக் கணக்கில் சொன்னால் மேல்படிகளைக் கழற்றிவிட்டார்கள். எஸ்.டி.க்குப் பணம் கட்டியவருக்கு எஸ்.டி., எச்.டி.க்குக் கட்டியவருக்கு எச்.டி., 4கேக்குக் கட்டியவருக்கு 4கே தொடர்ந்து கிடைக்கும், தரத்தை உன்னிப்பாகக் கவனிப்பவர்கள் மட்டும் சிறிய வித்தியாசத்தை உணரலாம் என்றும் அவர் சொன்னார்.

அந்த வாக்கியத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். டம்ளர் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் பணம் கட்டியது டம்ளருக்கா, காபிக்கா? நெட்ஃப்ளிக்ஸ் அன்று ஜெர்மனியில் எஸ்.டி. திட்டத்துக்கு மாதம் 7.99 யூரோ, எச்.டி.க்கு 11.99, 4கேக்கு 15.99 வாங்கியது. இந்தியாவில் அன்று 480பி தரும் கைப்பேசித் திட்டம் 199 ரூபாய், எஸ்.டி. 499, எச்.டி. 649, 4கே 799. மேல் திட்டத்தை வாங்குபவர் 83 லட்சம் புள்ளிகளை எண்ணிப் பார்த்து வாங்குவதில்லை. படம் அழகாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறார். அந்த அழகின் பெரும்பங்கு பிட்ரேட்டில் இருக்கிறது, அந்த எண் எந்தத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

25 சதவீதம் என்பதும் ஒரு சராசரிதான் என்பதைக் கவனியுங்கள். 16 மெகாபிட் படி, 12 மெகாபிட் படி, 8 மெகாபிட் படி என்று ஓர் ஏணி இருப்பதாக, உதாரணத்துக்குத்தான், வைத்துக்கொள்வோம். மேல்படியைக் கழற்றினால் 16ல் பார்த்தவர் 12க்கு இறங்குவார், ஒரு மணி நேரத்துக்கு 7.2 ஜிபி வந்த இடத்தில் 5.4 ஜிபி வரும். ஏற்கெனவே வேகம் குறைந்த இணைப்பில் 8ல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றுமே ஆகாது. ஆக, குறைப்பின் பாரம் முழுவதும் நல்ல இணைப்பும் உயர்ந்த திட்டமும் வைத்திருந்தவர்கள் தலையில்தான் இறங்கும். அதிகம் கட்டியவர்தான் அதிகம் இழந்தார். பேரிடர் நேரத்தில் வசதியுள்ளவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது சரிதானே என்று கேட்டால், ஆமாம், சரிதான். ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பது வேறு, தெரியாமல் எடுத்துக்கொள்வது வேறு.

குறைத்தது தப்பா?

தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் செல்போன் டவர் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் கிடைக்கும் அலைக்கற்றை என்பது தண்ணீர் லாரி மாதிரி. லாரி ஒன்றுதான், குடம் நீட்டுபவர்கள் எல்லோரும் அதில்தான் பிடித்தாக வேண்டும். இந்தியாவில் இணையம் பயன்படுத்துபவர்களில் மிகப் பெரும்பாலோர் கைப்பேசி டேட்டாவைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஊரடங்கு வந்ததும், பகலில் அலுவலகப் பகுதியிலும் கல்லூரிப் பக்கத்திலும் பிரிந்திருந்த கூட்டம் முழுவதும் வீட்டைச் சுற்றியுள்ள டவர்களுக்கு வந்துவிட்டது. என் அக்கா மகள் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரே கைப்பேசி, அம்மாவுடையது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நிற்கும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பாடம் கேட்பாள். "மிஸ், கேக்கல மிஸ்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது கீழ்வீடு வரை கேட்கும். மருத்துவர்கள் தொலைபேசியிலும் வீடியோவிலும் நோயாளிகளைப் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு மார்ச் 25 அன்றுதான் வெளியிட்டது. அந்த வாரத்தில் அதே டவரில் நான் கையளவு திரையில் எச்.டி. சினிமா பார்ப்பதைவிட, ஒருவர் மருத்துவரிடம் பேசுவது முக்கியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கைப்பேசித் திரையில் 480பிக்கும் எச்.டி.க்கும் வித்தியாசம் ஓரளவுதான் தெரியும் என்பதால், குறைக்க வேண்டிய இடம் பார்த்துத்தான் இந்தியாவில் குறைத்தார்கள். ஃபைபர் இணைப்பில் ஓடும் டிவி இன்னொரு கதை. நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை தங்கள் படங்களைச் சேமித்த சர்வர்களை இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. படம் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஒவ்வொரு முறையும் வருவதில்லை, பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்துதான் வருகிறது. அதனால் நெரிசல் எங்கே உண்டாகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு கண்டம் முழுவதற்கும் ஒரே அளவில் குறைத்தது மொத்தையான வேலை என்பதை மறுக்க முடியாது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பான பெரெக், போக்குவரத்து கூடியிருந்தாலும் பெரிய நெரிசல் எதுவும் ஏற்படவில்லை என்று பிறகு தொடர்ந்து அறிக்கை கொடுத்தது.

அப்படியானால் வீணாகக் குறைத்தார்களா? அப்படிச் சொல்வது நியாயமில்லை. அடுத்த வாரம் எப்படியிருக்கும் என்று மார்ச் 19 அன்று யாருக்கும் தெரியாது. வெள்ளம் வரவில்லை என்பதற்காக மணல் மூட்டை அடுக்கியவரைத் திட்டக் கூடாது. குறைத்ததாலேயே நெரிசல் வராமல் போயிருக்கவும் கூடும். ஆனால் வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகும் மூட்டையை எடுக்காமல் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

யார் நியாயமாகச் செய்தார்கள்?

ஒரே பேரிடர், ஒரே நோக்கம், வேறு வேறு வழிகள். யூடியூப் ஐரோப்பாவில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வழி. வீடியோ எஸ்.டி.யில் திறக்கும், எச்.டி. வேண்டும் என்பவர் தானே கையால் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலோர் மாற்ற மாட்டார்கள், சமையல் வீடியோவையும் பாட்டையும் எஸ்.டி.யிலேயே கேட்டுவிட்டுப் போவார்கள். போக்குவரத்தும் குறையும், தேவைப்படுகிறவரின் உரிமையும் போகாது. இத்தனைக்கும் அங்கே பெரும்பாலோர் பணம் கட்டாதவர்கள். பணம் கட்டாதவருக்குக் கிடைத்த அந்தத் தெரிவு, மற்ற தளங்களில் மாதாமாதம் கட்டியவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தியாவின் 480பி பூட்டில் தெரிவு இல்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது: குறைத்தது கண்ணுக்குத் தெரிந்தது. திரையில் 480 என்று எழுதியிருந்தது, முடியும் தேதியும் சொல்லப்பட்டது. சிறிய டம்ளரில் கொடுத்து, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொன்ன மாதிரி. டிஸ்னி பிளஸ் ஐரோப்பாவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தொடங்கியது. தெரிந்து வாங்கியவர் பிறகு ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது. பெரிய டம்ளரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மெலிதாக்கிய வழியில்தான் சந்தாதாரருக்குக் கணக்குப் பார்க்க வழியே இல்லை. ஊடகங்களுக்கு அறிக்கை போனது, இணையத்தில் பதிவு வந்தது. ஆனால் செய்தி படிக்காத ஒருவர், எங்கள் வீட்டைப் போல, ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சட்டம் என்ன சொல்லியது? அப்போது இந்தியாவில் நடைமுறையில் இருந்தது 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். புதிய 2019 சட்டம் 2020 ஜூலை 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலுமே சேவைக் குறைபாடு என்பதற்கு விளக்கம் உண்டு: ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்றுக்கொண்ட சேவையின் தரத்தில், தன்மையில், செய்யும் விதத்தில் வரும் குறை. கேட்பதற்கு நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெட்ஃப்ளிக்ஸின் பயன்பாட்டு விதிகளைப் படித்தால், எச்.டி.யும் 4கேயும் உங்கள் இணைய வேகத்தையும் கருவியையும் பொறுத்தவை, எல்லாப் படமும் எல்லா ரெசல்யூஷனிலும் இருக்காது என்று எழுதியிருக்கிறது. பிட்ரேட் இவ்வளவு தருவோம் என்று எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை மீறியதாக வழக்குப் போடுவது கஷ்டம். நியாயமும் சட்டமும் விலகி நிற்கும் இடம் இது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும் சட்டம் அப்போது எழுதப்பட்டிருந்தது, ஆனால் உயிர்பெறவில்லை. டிஜிட்டல் உள்ளடக்கம், சேவைகள் பற்றிய 2019/770 எண் கொண்ட உத்தரவு அது. 2022 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆவது பிரிவை நான் முக்கியமாக நினைக்கிறேன். தொடர்ந்து வழங்கும் சேவையை ஒரு நிறுவனம் இடையில் மாற்ற வேண்டுமென்றால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமும் தகுந்த காரணமும் இருக்க வேண்டும். கூடுதல் செலவு வைக்கக் கூடாது, நுகர்வோரிடம் புரியும்படி சொல்ல வேண்டும். மாற்றம் சிறியது என்று தள்ள முடியாத அளவுக்குப் பாதகமாக இருந்தால், முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் இலவசமாக விலகும் உரிமையும் தர வேண்டும். பேரிடருக்காகச் செய்த குறைப்பு சிறியதா பெரியதா என்று வாதாடலாம். ஆனால் "சொல்ல வேண்டும்" என்பதில் வாதமில்லை.

பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

அதே 2020ல் வேறு துறைகளில் நடந்ததைப் பாருங்கள். விளையாட்டுப் போட்டிகள் நின்றதும் பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் தன் விளையாட்டு அலைவரிசைச் சந்தாவை நிறுத்தி வைக்க வாடிக்கையாளர்களுக்கு வழி செய்தது. அமெரிக்காவில் ஆல்ஸ்டேட் என்ற காப்பீட்டு நிறுவனம், மக்கள் வண்டி ஓட்டுவது குறைந்ததால் ஏப்ரல், மே மாதங்களுக்கான வாகனக் காப்பீட்டுத் தொகையில் 15 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த சேவை குறைந்தால் வாங்கிய பணமும் குறைய வேண்டும் என்ற எளிய கணக்கு இது, நம் ஊரில் பால்காரர் வராத நாளைக் காலண்டரில் குறித்து வைத்து மாதக் கடைசியில் கழித்துக்கொள்வதைப் போல.

இதற்கு ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பக்கம் ஒரு பதில் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சந்தாப் பணத்தில் பெரும்பகுதி படங்களை எடுக்கவும் உரிமம் வாங்கவும் போகிறது. சர்வர்கள் இணைய நிறுவனத்தின் வாசலிலேயே இருப்பதால், பிட்ரேட்டைக் குறைத்து அவர்கள் மிச்சம் பிடித்த தொகை அதிகமாக இருக்காது. தொடரும் படமும் ஒன்றுகூடக் குறையவில்லை. இது சரியான வாதம், ஆனால் பாதிதான் சரி. 499 ரூபாய்க்காரரும் 799 ரூபாய்க்காரரும் பார்ப்பது அதே படங்களைத்தான். அந்த 300 ரூபாய் வித்தியாசம் படத்தின் தரத்துக்கும், ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம் என்பதற்கும் வாங்கியது. தரத்துக்காக வாங்கிய பணத்தைத் தரம் குறைந்த மாதத்திலும் அப்படியே வைத்துக்கொள்ள, படங்கள் குறையவில்லை என்பது காரணமாகாது. நெட்ஃப்ளிக்ஸ் நொடித்துப்போயிருந்த காலமும் இல்லை. 2020ன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.58 கோடிப் புதிய சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள்.

முழுப் பணத்தையும் கேட்கவில்லை. மேல் திட்டத்துக்கும் அதற்கு அடுத்த திட்டத்துக்கும் அன்று இருந்த வித்தியாசம் 150 ரூபாய். அதில் தரத்துக்கு எவ்வளவு, கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு திரைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னதில்லை. சரிபாதி என்று வைத்தால் 75 ரூபாய். வேண்டாம் என்பவர்கள் அதை ஒரு நிவாரண நிதிக்குக் கொடுக்கவும் வழி வைத்திருக்கலாம். நான் கொடுத்திருப்பேன். என்னிடம் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மார்ச் கடைசியில் எங்கள் மின்னஞ்சலுக்கு எப்படியொரு கடிதம் வந்திருந்தால் அண்ணன் ரவுட்டரைத் தொட்டிருக்க மாட்டார் என்று எழுதிப் பார்த்தேன்:

"வணக்கம். ஊரடங்கால் இணையப் போக்குவரத்து கூடியிருக்கிறது. மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வழி விட, இன்று முதல் ஏப்ரல் 24 வரை எங்கள் வீடியோக்களின் பிட்ரேட்டைக் குறைக்கிறோம். 4கே என்ற குறி இருக்கும், ஆனால் இருட்டான காட்சிகளிலும் வேகமான காட்சிகளிலும் படம் முன்பு போல இருக்காது. உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. தேதியை நீட்டிக்க வேண்டி வந்தால் காரணத்தோடு மீண்டும் எழுதுவோம். இதற்கிடையில் கீழ்த் திட்டத்துக்கு மாற விரும்பினால் ஒரே பொத்தானில் மாறலாம். மாறாமல் எங்களோடு இருப்பவர்களுக்கு அடுத்த மாத ரசீதில் 75 ரூபாய் கழித்திருக்கிறோம்."